மூலை காலியாக இருந்தால் நாற்காலி போடுங்கள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் இப்போது கட்டும் வீடுகளில் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிது. அதில் சோபா, டிவி, ஷோகேஸ், இன்வெர்ட்டர் எல்லாம் வைத்த பிறகு ஒரு மூலை மிஞ்சும். அந்த மூலையைப் பார்த்ததும் வீட்டு உள்ளலங்காரம் செய்பவருக்குக் கை அரிக்கிறது. "சார், இங்க ஒரு அக்வேரியம் வச்சா ஹாலே தூக்கிரும். உங்க மூலைக்குத் தகுந்த மாதிரி செஞ்சு குடுத்துடலாமுங்க" என்கிறார். கம்பம் மாதிரி உயரமாக ஒன்று, முக்கோணமாக ஒன்று, எல் வடிவில் ஒன்று, சுவரில் படம் போல மாட்டுவது ஒன்று, டீப்பாய்க்குள் தண்ணீர் நிற்பது ஒன்று. போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டுகிறார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப் போகிறது. மீனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். சேசிஸ் உள்ளே வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன லோடு ஏத்தப் போறீங்க?" என்பதுதான். முட்டை ஏற்றும் வண்டிக்கு ஒரு பாடி, சிமெண்டுக்கு ஒரு பாடி, கேஸ் டேங்கருக்கு ஒன்று. வண்டி நிறுத்தும் ஷெட்டின் மூலைக்கு ஏற்ற மாதிரி பாடி கட்டச் சொன்னால் சிரிப்பார்கள். இந்த ஊர்க்காரர்களாகிய நாமே மீன் தொட்டிக்கு மட்டும் அந்த முட்டாள்தனத்தைச் செய்கிறோம். லோடு என்ன என்று கேட்காமல் ஷெட்டின் மூலையை அளக்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சின்ன வீட்டுக்குத் தொட்டியின் அளவை மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். வடிவத்தை மாற்றச் சொல்லாதீர்கள். இருபத்து நான்கு அங்குலத்துக்குப் பதில் இருபத்தேழு அங்குல நீளம் வேண்டுமா, கண்ணாடியை வெட்டி ஒட்டித் தருவார்கள், தப்பே இல்லை. ஆனால் அது நீளப் பெட்டியாகவே இருக்கட்டும். அதற்கு இடம் இல்லாத வீட்டில் மீன் வேண்டாம்.

இது பழைய ஆளின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கோடு சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய பழக்கம், விடமாட்டேன்.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், மூன்று அடி உயரம் உள்ள ஒரு கம்பத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் அதையே படுக்க வைத்தது போல, மூன்று அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பெட்டித் தொட்டி. இரண்டிலும் மூன்று கன அடி, அதாவது சுமார் 85 லிட்டர் தண்ணீர். கடைக்காரர், "ரெண்டுலயும் ஒரே தண்ணிதானுங்க, நின்னா எடம் மிச்சம்" என்பார். தண்ணீர் ஒன்றுதான். காற்று படும் மேற்பரப்பு ஒன்றல்ல. நிற்கும் தொட்டியில் ஒரு சதுர அடி, படுத்த தொட்டியில் மூன்று சதுர அடி. தண்ணீருக்குள் ஆக்சிஜன் போவதும் உள்ளே இருக்கும் கெட்ட காற்று வெளியேறுவதும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான். ஏர் பம்ப் விடும் குமிழிகளும் பெரும்பாலும் தண்ணீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து இந்த வேலைக்குத்தான் உதவுகின்றன.

இதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் கரையும். 32 டிகிரியில் 7க்குச் சற்று மேல்தான். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்வதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் மதிய வெயில் 38, 40 என்று போகிறது. அந்த நேரம் பார்த்து மின்சார வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு வரும். காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். 2012ஐ ஒட்டிய வருஷங்களின் மின்வெட்டை நாம் மறக்கவில்லை. பம்ப் நின்ற பிறகு மீனைக் காப்பாற்றுவது தொட்டியின் திறந்த பரப்பு மட்டும்தான். கம்பத் தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பேரன், "தாத்தா, மீன் பேசுது" என்பான். அது பேசவில்லை, மூச்சுக்குத் தவிக்கிறது.

அடுத்தது கண்ணாடி. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. மேட்டூர் அணைக்குப் போன எல்லோருக்கும் இது கண்ணால் கண்ட பாடம். 1934இல் கட்டி முடித்த அந்தச் சுவர் மேலே குறுகி, அடியில் அகன்று நிற்கிறது. 120 அடி நிறைந்தால் அடிச்சுவர் தாங்க வேண்டிய பாரம் அப்படி. நம் தொட்டிகளுக்கு அதே கணக்கைப் போடுங்கள். மூன்றடி உயரக் கம்பத் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் சுமார் 127 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. படுத்த தொட்டியில் மிகப் பெரிய பக்கத்தின் மேலும் அது சுமார் 42 கிலோதான். இரண்டு கண்ணாடிகளும் மூன்று சதுர அடிதான். பாரம் மூன்று மடங்கு. அதனால் கம்பத் தொட்டிக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். மேல்மூடியை விட்டுவிட்டால் படுத்த தொட்டிக்கு 11 சதுர அடி கண்ணாடி போதும். நிற்பதற்கு 13 சதுர அடி. செலவும் அதிகம், ஆபத்தும் அதிகம், மீனுக்கும் கேடு. இதற்குத்தான் 'இட மிச்சம்' என்று பெயர்.

நம் இளவயதில் பார்த்த மீன் தொட்டிகள் நினைவிருக்கிறதா? இரும்பு ஆங்கிள் சட்டம், அதற்குள் மக்கு பூசிக் கண்ணாடி பதித்திருப்பார்கள். துரு பிடிக்கும், அழகாக இருக்காது. ஆனால் சட்டம் போட்டுச் செய்வதால் அது பெட்டியாகத்தான் இருக்க முடியும். பிறகு சிலிகான் பசை வந்தது. சட்டம் இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி ஒட்ட முடிந்தது. நல்ல கண்டுபிடிப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கோணத்திலும் ஒட்டலாம் என்று ஆனதும், எந்தக் கோணத்திலும் ஒட்டியே தீருவேன் என்று கிளம்பிவிட்டார்கள்.

பெட்டித் தொட்டியில் நிற்கும் ஒட்டு நான்கு. அறுகோணத்தில் ஆறு. மூலைக்கு வளைவாக வேண்டும் என்றால், வளைந்த கண்ணாடி எளிதில் கிடைக்காததால் துண்டு துண்டாக வைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டுகள் இன்னும் கூடும். எல் வடிவத்தில் உள்மடிப்பிலும் ஒரு ஒட்டு வரும். ஒவ்வொரு ஒட்டும் நாளைக்குக் கசியக்கூடிய ஒரு இடம். அக்ரிலிக்கில் வளைத்துச் செய்கிறோம் என்பார்கள். அதில் கீறல் விழும். நம் ஊர் உப்புத் தண்ணீர் படிந்த வெள்ளையைச் சுரண்டச் சுரண்ட இன்னும் கீறல் விழும். வளைந்த பக்கம் வழியாகப் பார்த்தால் மீன் ஒரு நேரம் நீளும், ஒரு நேரம் குறுகும். பொருட்காட்சியில் கோணல் கண்ணாடி பார்த்தது போல இருக்கும்.

சுவரில் மாட்டும் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றடி அகலம், ஒன்றரை அடி உயரம், நாலு அங்குல ஆழம். அதில் பிடிக்கும் தண்ணீர் மட்டும் 42 கிலோ. கண்ணாடி, கல், சட்டம் தனி. இதை நாலரை இன்ச் சுவரில் நாலு போல்ட்டில் தொங்கவிடுகிறார்கள், அதற்குக் கீழே குழந்தை உட்கார்ந்து டிவி பார்க்கிறது. உள்ளே இருக்கும் மீன் வளர்ந்த பிறகு திரும்ப வேண்டும் என்றால் உடம்பை மடிக்க வேண்டும். கோழிக்குக் கூண்டில் எத்தனை சதுர அங்குலம் என்று கணக்குப் பார்க்கும் ஜில்லா இது. மீனுக்குத் திரும்புவதற்காவது இடம் விட வேண்டாமா?

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"சின்னத் தொட்டியில விட்டா மீனும் சின்னதாவே இருக்கும் சார்." இதைச் சொல்லாத கடை இல்லை. தங்க மீன் ஒழுங்காக வளர்ந்தால் ஆறு, எட்டு அங்குலம் தாராளமாக வரும். பத்து வருஷத்துக்கு மேல் வாழும். சின்னத் தொட்டியில் அது சிறியதாக இருப்பது அடக்கத்தால் அல்ல. கழிவு தேங்கிய தண்ணீரில் வளர்ச்சி நின்றுபோய், சாகும் வழியில் இருப்பதால். ஒரு வருஷத்தில் செத்துப் போகிற மீன் பெரிதாகாததில் ஆச்சரியம் என்ன?

"ஃபைட்டர் மீன் பாட்டில்லயே இருக்குதே?" இருக்கிறது. அதற்கு மேலே வந்து வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. நம் ஊர் விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும்கூட அப்படி உண்டு. ஏரி வற்றும்போது சேற்றில் விரால் உயிரோடு கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்காக விராலுக்குச் சேறுதான் பிடித்த வீடு என்று யாராவது சொன்னோமா? சாகாமல் கிடப்பது வேறு, வாழ்வது வேறு. நம் வயதில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"வாஸ்துவுக்கு எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன் வைக்கணும்." அது சீனத்து ஃபெங் சுயி வழக்கம், இங்கே வாஸ்து என்ற பெயரில் உலவுகிறது. நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் ஒன்பது தங்க மீன் வளர்ந்து நிற்க மூலைத் தொட்டி எந்தக் காலத்திலும் போதாது. இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பேச்சுத்தான் எனக்குக் கோபம் வரவைப்பது: "மீன் செத்தா நல்லதுதான், வீட்டுக்கு வர இருந்த கண்டம் அதோட போயிருச்சு." எவ்வளவு வசதியான நம்பிக்கை! தண்ணீர் மாற்றாதது, இடம் தராதது, தீனியை அள்ளிக் கொட்டியது எல்லாவற்றுக்கும் மன்னிப்புச் சீட்டு. மீன் நமக்காகச் சாகவில்லை. நம்மால் செத்தது.

"மீன்தானே, அதுக்குப் போயி இவ்வளவா?" என்பவர்களுக்கு: இத்தாலியில் மோன்சா நகரம் 2004இலும், ரோம் நகரம் 2005இலும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வளர்க்கத் தடை போட்டன. நம் நாட்டிலும் 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்கும் தொட்டிகளுக்கும் விதிகள் கொண்டு வந்தது. சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்தும் விற்றும் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம் (நம் மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் வேறு). அவர்களும் இன்னும் பலரும் எதிர்த்தார்கள். விதிகள் பின்னால் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் விற்கக் கூடாத மீன்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பிழைப்பு போய்விடும் என்று அவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. ஆனால் மீன் வாழத் தகுந்த தொட்டி என்ற பேச்சும் அதோடு சேர்ந்து போய்விட்டது. சட்டம் போனால் என்ன, வாங்குகிறவன் நாம்தானே. நாம் கேட்காத வடிவத்தை எந்தக் கடையும் செய்து வைக்காது.

ஒரு நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஏஞ்சல் மீன் போல உடம்பே உயரமாக உள்ள மீன்களுக்கு ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். அது மீன் கேட்கும் உயரம். அங்கேயும் நீளத்தைக் குறைக்கச் சொல்லி மீன் கேட்கவில்லை.

இதையெல்லாம் நம் வயதுக்காரர்களிடம் ஏன் சொல்கிறேன்? தொட்டியைத் தேர்ந்தெடுப்பது மகன், ஆசைப்படுவது பேரன். மூன்றாவது வாரத்திலிருந்து அதைக் கழுவப் போவது நாம். மகன் வேலைக்குப் போய்விடுவான், பேரனுக்கு டியூஷன். வீட்டில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோதான் பக்கெட் தூக்க வேண்டும்.

இரண்டரை அடி ஸ்டாண்டின் மேல் மூன்றடித் தொட்டி என்றால் அதன் வாய் ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. அடியில் கிடக்கும் கழிவை எடுக்க ஸ்டூல் மேல் ஏறி, தோள்வரை கையை விட வேண்டும், அப்படியும் எட்டாது. ஈரக் கை, ஈரத் தரை, வழவழப்பான டைல்ஸ், பக்கத்தில் பிளக் பாயிண்ட். நம் வயதில் விழுந்தால் இடுப்பு எலும்பு. மீன் தொட்டிக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம். மகன் காட்டும் படத்தில் தொட்டி பளபளவென்று இருக்கும். ஸ்டூலும் பக்கெட்டும் அதில் இருக்காது. அவை எங்கே என்று கேளுங்கள்.

சரி, சின்ன வீட்டில் எதுதான் செய்யலாம்?

சுவரை ஒட்டி இரண்டடி நீளமும் ஒரு அடி அகலமும் கிடைக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். டிவி யூனிட்டின் ஒரு பக்கம், ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள தட்டு, எங்கேயாவது கிடைக்கும். தொட்டியின் மேல் கை போய் வர ஒரு அடி இடைவெளி இருக்க வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது, விழுந்தால் பாசி. குளியலறைப் பக்கமாக இருந்தால் டியூப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட வசதி. தொட்டியின் வாய் உங்கள் நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது.

இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டியில் சுமார் 56 லிட்டர். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் 14 லிட்டர், ஒரு பக்கெட் வேலை. ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் போடச் சொல்லுங்கள். ஒட்டிய சிலிகான் நன்றாகக் காய்ந்து புளித்த வாடை போன பிறகே தண்ணீர் ஊற்றி, இரண்டு நாள் கசிவு பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு கவனம் வேண்டும். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் பல இடங்களில் கடின நீர். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை நிரப்பிக்கொண்டே இருந்தால் போதாது, பழைய தண்ணீரை எடுத்தும் ஆக வேண்டும். கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை கடின நீரில் நன்றாக வாழும். மென்மையான நீர் கேட்கும் மீன்களை வாங்கி வந்து நம் போர் தண்ணீரோடு சண்டை போட வைக்காதீர்கள். தொட்டி வைத்த அன்றே மீனை நிரப்பவும் வேண்டாம். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா உள்ளே குடியேற நாலைந்து வாரம் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கப்பிகளோடு பொறுமையாக இருங்கள்.

'தொட்டி சுத்தம் செய்யும் மீன்' என்று விற்கும் சக்கர் மீனைத் தொடாதீர்கள். அது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு இடம் இல்லை என்று ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் அது இப்படித்தான் பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. மூக்கனேரியைச் சுத்தம் செய்யப் பாடுபட்டவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவாக இருக்க வேண்டாம்.

இரண்டடி நீளமும் கிடைக்கவில்லையா? வாசலிலோ மாடிப்படிக்கு அருகிலோ பாதி நிழல் விழும் இடத்தில் வாய் அகன்ற சிமெண்ட் தொட்டி ஒன்றை வையுங்கள். அடியில் கொஞ்சம் மணல், ஒரு நீர்ச்செடி, பத்துக் கப்பிகள், பூனைக்கும் காக்காய்க்கும் ஒரு வலை. கொசுப் புழுவை மீனே தின்றுவிடும். பம்ப் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலை இல்லை. பேரன் குனிந்து பார்க்கலாம், நாம் உட்கார்ந்துகொண்டே தீனி போடலாம். அலங்காரக்காரருக்கு அதில் ஒரு ரூபாய் வராது. அதனால்தான் அவர் போனில் அந்தப் படம் இல்லை.

அதற்கும் இடம் இல்லாத வீடுகள் உண்டு. வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை பேரனை மேட்டூருக்கு அழைத்துப் போங்கள், காவிரிக் கரையில் பிடித்து வந்த மீனைக் காட்டுங்கள், அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். ஹால் மூலையில் ஒரு நல்ல நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது போனில் கம்பத் தொட்டியைக் காட்டினால் ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, இதுக்குள்ள என்ன மீன் விடப் போற? அது வளர்ந்தா எவ்வளவு நீளம் வரும்?" பதில் வராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.